காபி ஷாப் என்று எழுதிய பப்

போன வாரம் ஒரு சரித்திரம் எழுதினேன். சிரிக்காதீர்கள். சோழ சாம்ராஜ்யம் பற்றியெல்லாம் இல்லை — ஒரு பப்பைப் பற்றி.

துபாயில், சத்வா பக்கம், ஒரு பழைய ஹோட்டலின் தரைத்தளத்தில் இருக்கிறது அந்த இங்கிலீஷ் பப். நாற்பது வயது ஆகப்போகிறது. "நீங்கள் ரைட்டர்தானே, எங்கள் கதையை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், ஃபிரேம் போட்டு மாட்டுகிறோம்" என்றார் மானேஜர் அம்மா. பிலிப்பைன்ஸ்காரர். என்னை யாராவது ரைட்டர் என்று கூப்பிட்டுவிட்டால் போதும், கிட்னியைக்கூட எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வாக்குமூலம். இந்தப் பத்தியில் பத்து வருடமாக, 'நான் வழக்கமாகப் போகும் காபி ஷாப்' என்று ஒன்று வருமே... ஞாபகம் இருக்கிறதா? அது இதுதான். என்ன செய்ய? திருச்சியில் என் மாமியார் இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறார். நான் குடிப்பது என்னவோ பதினைந்து நாளைக்கு ஒரு பீர். அதையும் இரண்டு மணி நேரம் உருட்டி, கடைசியில் கஷாயம் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு முடிப்பவன். இதற்குப் போய்க் குடும்ப மானத்தை ஏலம் விடுவானேன்?

சரி, சரித்திரத்துக்கு வருவோம். பழைய வாடிக்கையாளர்களான நான்கு வெள்ளைக்காரர்களிடம் கேட்டேன். ஐந்து பதில்கள் கிடைத்தன. வேறு வழியில்லாமல் பார்மேன் சேவியரிடம் போனேன். கோவாக்காரர் என்று நானாகவே முடிவு கட்டி, பத்து வருடமாக என் ஓட்டை இந்தியில்தான் அவரிடம் பேசி வந்திருக்கிறேன். அன்றைக்கும், "சேவியர் பாய், இதர் கித்னா சால் ஹோ கயா?" என்று, இங்கே எத்தனை வருடம் ஆயிற்று என்பதை இந்தியில் ஆரம்பித்தேன்.

அவர் கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், தமிழ்லயே கேளுங்க. ஒங்க இந்தி எனக்குச் சரியாப் புரிய மாட்டேங்கு."

அந்த ஏசியிலும் எனக்கு வியர்த்துவிட்டது. மனுஷனுக்குத் தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊர். இங்கே இருபத்தாறு வருட சர்வீஸ். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றால், நான் ஆசை ஆசையாக இந்தி பேசுகிறேனாம், கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். அதோடு விட்டாரா? என் பத்தியை வாரா வாரம் படிக்கிறாராம்.

"அந்தக் காபி ஷாப் நம்ம கடதான சார்?"

நான் என் பீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

அப்புறம்தான் உண்மையான சரித்திரம் வெளியே வந்தது. எண்பதுகளின் கடைசியில், சுற்றிலும் மணலாக இருந்த காலத்தில், மரப் பலகை முதல் கதவுக் குமிழ் வரை எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஜெபல் அலி துறைமுகத்துக்கு வந்திறங்கியிருக்கிறது. கூடவே ஒரு கணப்பு அடுப்பு. வெளியே நாற்பத்தைந்து டிகிரி, உள்ளே கணப்பு! அது பொருத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஏசியைக் கடுங்குளிரில் வைப்பார்களாம். அதெல்லாம் சேவியருக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்ன கதை.

பிறகு நடந்ததெல்லாம் அவர் கண்ணால் பார்த்தது. அப்போது இங்கே வார லீவு வெள்ளிக்கிழமை. அதனால் வெள்ளைக்காரர்களின் 'சண்டே ரோஸ்ட்' என்கிற ஞாயிற்றுக்கிழமை இறைச்சி விருந்து பல வருடம் வெள்ளிக்கிழமை மதியம்தான். லீவு சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகுதான் சண்டே ரோஸ்ட் சண்டேக்கே வந்து சேர்ந்தது. இடையில் ஒரு வருடம் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது. தினம் வந்து உட்கார்ந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போனார்கள். சேவியர் அவர்களுடைய சொந்த பீர் மக்குகளை ஒரு அலமாரியில் கழுவிக் கழுவி வைத்திருந்தார். இரண்டு பேர் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்கள். கொரோனா வந்து கடையை மூடியபோது, ரூமுக்குள் அடைந்து கிடந்த கிழவர்களுக்குப் போன் போட்டு மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டவரும் இவர்தான். கிளாஸில் தினமும் சாராயத்தை ஊற்றும் இந்த மனிதர், ஒரு சொட்டுக் குடித்ததில்லை.

எழுதினால் சேவியரை வைத்துத்தான் எழுத வேண்டும் என்று எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. அப்படியே எழுதி, அவரிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"எம் பேரு வேணாம் சார்."

அடுத்த மாதம் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். அவர் மனைவி ரெஜினா, பங்குக் கோயில் மது ஒழிப்புக் குழுவின் செயலாளர். தான் வேலை பார்ப்பது ஹோட்டல் காபி ஷாப்பில் என்றுதான் சேவியர் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். ஃபிரேமை மானேஜர் அம்மா ஃபேஸ்புக்கிலும் போடுவார். சேவியரின் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் வளைகுடாவில்தான் இருக்கிறார்கள். விஷயம் ஊர் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும்? ஊர் திரும்புகிற நேரத்தில் வீட்டில் சண்டை வேண்டாம் என்றார்.

"நீங்க காபி ஷாப்னு எழுதுறத அவளுக்கு அனுப்பி, இதான் நம்ம கடன்னு காட்டியிருக்கேன் சார்."

ஆக, அவர் பொய்க்கு நான்தான் அத்தாட்சி. வாயை மூடிக்கொண்டு பெயரை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், எடுக்கத் தயங்கவெல்லாம் இல்லை. காலியான இடத்தில், 'பிரபல தமிழ் எழுத்தாளர் ஒருவரும் இங்கே வருவதுண்டு' என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அழகாகத்தான் தெரிந்தது.

ஞாயிறு மதியம் ஃபிரேமை மாட்டினார்கள். டெரிக் என்று ஒரு கிழவர், ஜெபல் அலி துறைமுகத்தில் எஞ்சினியராக இருந்து ரிட்டயரானவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, யார் இந்த எழுத்தாளர் என்று கேட்டார். நான்தான் என்றேன். இதில் சேவியர் எங்கே என்றார். அவருக்குக் கூச்சம் என்று இழுத்தேன். "சேவியர் இல்லையென்றால் இது மேஜை நாற்காலிகளின் சரித்திரம்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பின்னால் நின்றவர்களும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள்.

சேவியர் கவுண்டருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார். என்னைக் கையைப் பிடித்துக் கிச்சன் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊரில் ரெஜினாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இது காபி ஷாப் இல்லை, பப்; சுவரில் பேர் போடக் கேட்கிறார்கள் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

இருபத்தாறு வருடம் கழித்து வீடு திரும்பப் போகிற மனிதன், திரும்ப வீடு இருக்கிறதா என்று நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"தெரியும்" என்றார் அந்த அம்மா. "அந்த சாரு எழுதுற காபி ஷாப்புல ஒருத்தரும் காபி குடிச்சதா ஒரு வாரமும் வரலியே. நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன்."

சேவியர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருவத்தாறு வருசம் நின்னது ஒங்க காலுதான. பேரப் போடச் சொல்லுங்க."

சேவியர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அன்று சாயங்காலமே ஃபிரேம் கீழே இறங்கியது. பிரபல எழுத்தாளர் வெளியேறினார். அவர் இருந்த இடத்தில் சேவியர், அப்பா பேரின் முதல் எழுத்தோடு, முழுசாக ஏறினார். இங்கேயும் அவர் பெயரைப் போட்டிருக்கிறேன், இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டு.

போனை வைப்பதற்கு முன் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தாமலே சொன்னார்: "இனிமே உள்ளத உள்ளபடி எழுதுங்க சார். படிக்கிறவிய எல்லாரும் வெவரந்தான்."

எழுதிவிட்டேன் அக்கா. மாமியார் படிக்கட்டும்.