காலியாக விடப்பட்ட பெட்டி

கோவளம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி முபஷ்ஷிர் என்று விசாரித்தால், "கம்ப்யூட்டர் பாய் வூடா?" என்று கேட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். சிறுசேரியில், மீனவர்களின் போனுக்குக் கடல் வானிலைச் செய்தி அனுப்புகிற கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதுகிற நிரல்களைச் சேர்த்து, சரிபார்த்து, வெளியே அனுப்புகிற தானியங்கி ஏற்பாடு அவன் பொறுப்பு. ஆபீசில் அதற்குப் பில்டு என்று பெயர். அவன் கை பட்டால் பிழை இருக்காது என்று பத்து வருடமாகப் பெயர் வாங்கியிருந்தான். பெயர் வாங்குவதில் உள்ள தொல்லையே அதுதான், பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

அந்த ஏற்பாட்டில் ஒரு பெட்டி உண்டு, வேரியபிள் என்பார்கள். அதில் 'சோதனை' என்று போட்டால் செய்தி ஆபீசுக்குள் இருக்கும் பத்துப் போன்களுக்குப் போகும். 'நேரடி' என்று போட்டால் கோவளத்திலிருந்து கடப்பாக்கம்வரை உள்ள படகுக்காரர்கள் அத்தனை பேருக்கும் போகும். பெட்டி காலியாக இருந்தால் என்ன செய்வது என்பதை நிரலில் தனியாக ஒரு வரி தீர்மானிக்கும். காலி என்றால் சோதனை. ஆபீஸ் முழுக்க அதுதான் வழக்கம்.

முபஷ்ஷிர் அந்த வரியை மாற்றி வைத்திருந்தான். வாராவாரம் வெள்ளிக்கிழமைதான் நேரடியாக அனுப்புகிற நாள். ஒரு ரம்ஜான் மாதத்தில், ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், பெட்டியை நிரப்பச் சோம்பல்பட்டு, காலி என்றாலும் நேரடி என்று எழுதிவிட்டு ஓடினான். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். இரண்டு வருடம் ஓடிவிட்டது. அனுப்புகிற பட்டனை அவனைத் தவிர யாரும் அழுத்தாததால் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஜெனிட்டா வந்தாள். அதே ஊர்ப்பெண். அப்பா சவரிமுத்துவுக்கு ஃபைபர் படகு. வேலைக்குச் சிபாரிசு செய்ததும் முபஷ்ஷிர்தான், வேலை சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். "பொட்டிய காலியா வுட்டா டெஸ்டுதாம்மா, பயப்படாத" என்று வழக்கத்தைச் சொன்னான். தான் செய்துவைத்தது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவே வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஜெனிட்டா புது எச்சரிக்கையைச் சோதித்தாள். 'பலத்த காற்று. நாளை கடலுக்குப் போக வேண்டாம்.' பெட்டியைக் காலியாக விட்டு அழுத்தினாள். கடற்கரை முழுக்கப் போன் அடித்தது. கால் மணி நேரத்தில் 'முன்னது தவறு' என்று இன்னொரு செய்தி அனுப்பினார்கள். போகாதே என்றவனே போ என்றால் யார் நம்புவார்கள்? வெள்ளிக்கிழமை ஒரு படகும் இறங்கவில்லை. கடல் அன்று குளம்போலக் கிடந்தது.

வியாழக்கிழமை சாயங்காலமே மேலாளர் வாசுதேவன் அவனைக் கூப்பிட்டு, "என்ன ஆச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுப்பா" என்றார். முபஷ்ஷிர் எழுதினான்: 'செய்தி அனுப்பும்போது பெட்டி காலியாக விடப்பட்டது.' ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காலியாக விட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதிவிட்டு, சத்தம் காட்டாமல் அந்த வரியைப் பழையபடி மாற்றி வைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திங்கட்கிழமை முடிவு சொல்லும்வரை வர வேண்டாம் என்று அன்றே ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்து, "சாரிண்ணா, உங்க பேரும் கெட்டுப்போச்சு" என்றாள்.

"பரவால்ல" என்றான் முபஷ்ஷிர். அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து மறுநாள் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னா, ஒடம்பு சரியில்லியா?" என்று மனைவி சுராயா கேட்டபோதும் இல்லை என்றுதான் தலையாட்டினான்.

சனிக்கிழமை காலை சவரிமுத்து வாசலில் நின்றார். கையில் ஒரு பையில் வஞ்சிரம். தெருவில் ஜெனிட்டா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்குப் பட்டது, பாய். மொத மீனு உனக்குத்தான்" என்றார். "பொண்ணு தெரியாம பண்ணிட்ச்சு. நீ சேத்துவுட்டுக் கீற, உனக்குத் தலகுனிவாப் போச்சு. மனசுல வெச்சுக்காத. நேத்து குப்பத்துல ஆளாளுக்கு ஏசுனானுங்க, நான் வாயத் தொறக்கல. எந்த மூஞ்சிய வெச்சுகினு பேசறது?"

முபஷ்ஷிர் பையை வாங்கிக்கொண்டான். அதற்குமேல் மறைக்க அவனால் முடியவில்லை. வெட்கம் காதுவரை சுட்டது.

"அண்ணாத்த, தப்பு அவ மேல இல்ல. காலியா வுட்டாலும் எல்லாருக்கும் போறாப்பல நான்தான் மாத்தி வெச்சேன். அவளுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். எழுதிக் குடுக்கும்போது அத மறச்சிட்டேன்."

சவரிமுத்து அவனையே பார்த்தார். அவன் பையைத் திருப்பி நீட்டியபோது வாங்கவில்லை. "மீனு இன்னா பண்ணுச்சு? உள்ள வையி" என்றார். பிறகு, "இத எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? அவகிட்ட சொல்லு" என்றார்.

முபஷ்ஷிர் பையோடு தெருவில் இறங்கினான். "ஜெனிட்டா, அந்த வரி..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும்ணா" என்றாள். "அன்னிக்கே பாத்தேன். யாரு எப்ப மாத்துனாங்கன்னு அதுலயே கீதே. ரெண்டு வருசம் முன்னாடி ஒருவாட்டி, அன்னிக்கு சாயங்காலம் ஒருவாட்டி. ரெண்டும் உங்க பேருதான்."

"அப்ப ஏம்மா நீ சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

அங்கேயே நின்று, மீன் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முபஷ்ஷிர் வாசுதேவனுக்குப் போன் போட்டான். சவரிமுத்து வந்து ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். ஜெனிட்டா வண்டியைக் கிளப்பவில்லை. அவன் கடைசி வார்த்தைவரை சொல்லி முடிக்கிறானா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.