மூக்கில்லாத காவல்சாமி

சென்ற மார்ச் ஒன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு, எகிப்தின் மீது படையெடுத்த பிரெஞ்சுத் தளபதியைப் பற்றி ஒரு கல்லூரிக் கட்டுரை எழுதத் தொடங்கினேன். அங்கே மனிதத் தலையும் சிங்க உடலுமாக இருக்கும் ஸ்பிங்க்ஸ் சிலையின் மூக்கைப் பீரங்கியால் தகர்த்தவர் அவர்தான் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால், அவர் பிறப்பதற்கு முன்பே வரையப்பட்ட ஓவியத்தில் அந்த மூக்கு இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் ஜீப் ஓட்டுகிறவர் அவர். குரங்கணி மலைப்பாதையிலுள்ள காவல்சாமி சிலைக்கும் மூக்கில்லை. அதன் அருகே ஒருநாள் அவருடைய வண்டி பழுதாகி நின்றதால், அவர்தான் வண்டியால் இடித்து மூக்கை உடைத்துவிட்டார் என்று பேச்சானது. ஓட்டுநர்கள் எல்லோரும் அங்கே சூடமேற்றிவிட்டுத்தான் மலையேறுவார்கள். அப்பா மட்டும், பிறர் பார்வைக்குக் கூசி, நிறுத்தாமலே போய்விடுவார்.

"அந்தத் தளபதி என்ன பதில் சொன்னாராம், ஆத்தா?" என்று அப்பா மகளான என்னிடம் கேட்டார்.

"அவரு செத்த பெறகுதாம்ப்பா இந்தப் பழியே வந்துச்சு."

"குடுத்து வச்ச மனுசன். நான் உசுரோட கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை நானும் ஜீப்பில் ஏறினேன். சிலை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். தோட்டத்துப் பெண்கள் பார்த்திருக்க, இறங்கிச் சூடத்தை வைத்துவிட்டு, தீப்பெட்டியை அப்பாவிடம் நீட்டினேன்.