தூர்வாரிவிட்டு எடுத்த படம்

செல்போன் செயலி வடிவமைப்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: நாம் எதற்காகச் செய்தோமோ, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஜனங்கள் அதில் செய்வார்கள். இந்தத் தொழிலில் மாட்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தேனிக்குத் தெற்கே ஒரு நகராட்சி. இப்போதெல்லாம் மழை பருவம் பார்த்துப் பெய்வதில்லை. ஒரு மணி நேரம் கொட்டித் தெருவையே முக்கிவிடுகிறது. அதனால், அடைத்த சாக்கடையை மழைக்கு முன்பே மக்கள் படமெடுத்து அனுப்ப ஒரு செயலி. மூன்று மாதச் சோதனை. தேறினால் எனக்கு வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கோலத்துடன் ஒரு சாக்கடை

முதல் வாரமே படங்கள் குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. திறந்து பார்த்தால் ஒன்றில்கூட அடைப்பு இல்லை. தண்ணீர் தெளிவாக ஓடுகிறது. ஒரு படத்தில் ஓரமாகக் கோலம் வேறு. அதை அனுப்பியவர் தையல் கடை பேச்சியம்மாள். நேரில் போய்க் கேட்டேன்.

"அடைச்சுத்தான் கெடந்துச்சு தாயி. ஊரே பாக்குற எடத்துல நம்ம தெருவ அசிங்கமாவா காட்டுறது? தூர்வாரிட்டுத்தான் எடுத்தோம்."

சிவப்புப் புள்ளி

'உள்ளது உள்ளபடி எடுக்கவும்' என்று செயலியில் பெரிதாகப் போட்டேன். ஒரே ஒரு அடைப்புப் படம் வந்தது. அதுவும் அனுப்பியவரின் சொந்தத் தெரு இல்லை, பக்கத்துத் தெரு. செயலியின் வரைபடத்தில் அந்தத் தெருவில் சிவப்புப் புள்ளி விழுந்தது. மறுநாள் காலை அங்கே குடியிருக்கும் ஏலக்காய் வியாபாரி, கையில் போனோடு என் மேஜை முன் நின்றார்.

"சாக்கடைய அள்ளிட்டோம்மா, இந்தா படம். அந்தச் செவப்ப மொதல்ல அழிங்க. வெள்ளிக்கெழம எம்மகளப் பொண்ணு பாக்க வர்றாக."

நனையாத செருப்பு

மூன்றாம் மாதக் கடைசி. செயலி தேறியது என்று கையெழுத்துப் போடவேண்டிய நகராட்சிப் பொறியாளர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எங்கயும் அடைப்பு இல்லையே, பெறகு இது எதுக்கும்மா?" என்று கோப்பை மூடிவிட்டார். நான் மதுரையில் வேலை தேட ஆரம்பித்தேன்.

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் பேச்சியம்மாள் தெருவுக்கு ஓடினேன். மழைக்கு மழை தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவைக்கிற தெரு அது. மிஷின் தரையிலேயே இருந்தது. அவர் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். சாக்கடையில் தண்ணீர் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா என்று வாசல்படியில் உட்கார்ந்தேன். குடையோடு வந்த பொறியாளர் குனிந்து சாக்கடையையும் பார்த்தார், தன் காலையும் பார்த்தார்.

"எப்பவும் இங்கன முழங்கால் தண்ணில நிப்பேன். இன்னைக்குச் செருப்புகூட நனையலையே. அந்தக் கோப்ப மறுபடி கொண்டாங்கம்மா."

இப்போது செயலியில் 'புகார்' பொத்தானை எடுத்துவிட்டு 'தூர்வாரியாச்சு' என்று வைத்திருக்கிறோம். அது என் யோசனை என்றுதான் அலுவலகத்தில் இன்னமும் நம்புகிறார்கள்.