கேட்காத பாட்டுக்கு ஓர் ஓட்டு

"அப்பா, இந்த வருசம் நீங்க அதிகமாக் கேட்ட ஆல்பம் வந்திருச்சு, பாருங்க" என்று மகள் கைபேசியை நீட்டினாள். டிசம்பர் பிறந்தால் இது இப்போது ஒரு சடங்கு. யார் எதை எத்தனை தடவை கேட்டார்கள் என்று கைபேசியே கணக்குப் போட்டுக் கொடுக்க, அதை எல்லோரும் ஊருக்குக் காட்டுகிறார்கள். நான் நாலு பேர் கூடிய இடத்தில் ராகம், சுருதி என்று வாய் ஓயாமல் பேசுகிறவன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். முதலிடம், தூக்கம் வராதவர்களுக்கான மழைச் சத்தம். இரண்டாம் இடம், இடியோடு கூடிய மழைச் சத்தம்.

"இத யாருக்கும் அனுப்பிப்போடாத கண்ணு" என்றேன். அதற்குள் சொந்தபந்தம் அத்தனைக்கும் போய்விட்டிருந்தது.

மானம் போனதென்னவோ நிஜம். ஆனால் வருடத்தின் சிறந்த ஆல்பத்தைத் தேடப்போய் நான் உண்மையிலேயே உறைந்துபோனது கேசட் காலத்து டிசம்பர் ஒன்றில். புதுக் கேசட்டின் மேலுறையைப் பல்லால் கிழித்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், புது ரப்பர் செருப்புக்குச் சித்தப்பா மகன் மாதிரி. அந்த வாசனை இன்றைக்கும் என்னைப் புலியகுளத்தில் ஆரோக்கியத்தின் வீட்டு முன்னறையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். தட்டில் கிறிஸ்துமஸ் முறுக்கு மிச்சம் இருக்கும்.

ஆரோக்கியம் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். மற்ற நாட்களில் என்னோடு ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதினான். மூன்றாவது ஆள் பழனிசாமி அண்ணன், கேசட் கடையில் ஏற்பட்ட பழக்கம். கருமத்தம்பட்டியில் அவருக்குச் சொந்தமாக விசைத்தறி ஷெட். தறிக்காரர்கள் எல்லோரையும் போல உரக்கப் பேசுவார். நாம் பேசினால் நம் வாயையே பார்ப்பார். அந்த இரைச்சலுக்குள் பேசிப் பழகியவர்கள் அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிறு கூடுவோம். ஆளுக்கு ஒரு கேசட். அந்த வருடத்தியதாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதும் ஓடி முடியும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. தன் கேசட்டுக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. தேர்தல் ஆணையம்கூட இவ்வளவு கறாராக இருந்திருக்காது. சண்டை பலமாக நடக்கும், ஆனால் எங்கள் ஊரில் சண்டையும் 'ங்க' போட்டுத்தான்.

பழனிசாமி அண்ணன் எப்போதும் தவில், பறை, டிரம்ஸ் என்று அதிர்கிற கேசட்டாகவே கொண்டுவருவார். "அண்ணா, உங்களுக்குப் பாட்டு வேண்டாங்க. நாலு பேரு கல்லு ஒடச்சாப் போதுமுங்க" என்பான் ஆரோக்கியம். "ஒடைக்கறதையும் தாளத்தோட ஒடைக்கோணுமில்லீங்க தம்பி" என்பார் அவர்.

அந்த வருடம் ஆரோக்கியம் ஒரு புல்லாங்குழல் கேசட்டைப் போட்டான். கொஞ்ச நேரம் மிருதங்கத்தோடு போனது. பிறகு மிருதங்கம் ஒதுங்கிக்கொள்ள, குழல் மட்டும் தனியாக மேலே ஏறத் தொடங்கியது. ஏறி, மெலிந்து, உச்சியிலேயே நின்று இழைந்தது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஆரோக்கியம் கண்ணை மூடியிருந்தான்.

பழனிசாமி அண்ணன் சட்டென்று எழுந்துபோய் டேப் ரிக்கார்டரை நிறுத்தினார். கேசட்டை வெளியே எடுத்து, பையிலிருந்து பென்சிலை உருவி, பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"டேப்பு சிக்கிருச்சாட்ட இருக்குதுங்க. அப்பவே நின்னுபோச்சு, நீங்க ரெண்டு பேரும் தூங்கறீங்க."

நானும் ஆரோக்கியமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க இப்பிடிப் பாக்கறீங்க?"

ஆரோக்கியம்தான் சொன்னான். "அண்ணா, பாட்டு ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு."

வெளையாடாதீங்க என்று சிரித்தார். கேசட்டை மறுபடி போட்டு, அதே இடத்துக்கு ஓட்டி, ஸ்பீக்கரிடம் காதைக் கொண்டுபோனார். குழல் அறை முழுக்க நிறைந்தது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இப்ப வாசிக்குதுங்களா?"

"வாசிக்குதுங்கண்ணா."

"இப்பவுமா?"

தலையாட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அப்ப இத்தன வருசமா நான் என்னத்தத்தான் கேட்டுட்டு இருந்தேன்?" என்றார். எப்போதும் உரக்கப் பேசுகிறவர், அதை மட்டும் எங்களுக்கே கேட்டும் கேட்காத அளவுக்குச் சொன்னார். அந்த வருடம் ஓட்டெடுப்பு நடக்கவில்லை.

காது டாக்டர், தறிச் சத்தம் தின்றது திரும்பாது, மிச்சமாவது நிற்கவேண்டும் என்றால் ஷெட்டை விடுங்கள் என்றாராம். "தறிய வித்துப்போட்டு ஊட்டுல உக்காந்து பாட்டு கேக்கச் சொல்றாருங்க. சோத்துக்கு அவரு வருவாருங்களா?" என்று போனில் கத்தினார்.

அடுத்த டிசம்பரில் அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். நானும் ஆரோக்கியமும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஆளுக்கொரு தவில் கேசட் வாங்கி வைத்திருந்தோம். இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க, எழவு ஊட்டுக்கா வந்திருக்கறேன்? எனக்காவ இந்தக் கருமத்தையெல்லாம் வாங்குனீங்களா?"

பையிலிருந்து தன் கேசட்டை எடுத்தார். போன வருடத்து அதே புல்லாங்குழல்.

"அண்ணா, இது போன வருசத்துதுங்க, ரூல்ஸ் ஒத்துக்காதுங்க" என்றேன். இவ்வளவு நடந்த பிறகும் ரூல்ஸ் பேசிய மேதை நான்தான்.

"போன வருசம் ஓட்டே எடுக்கலீங்களே. அதுனால இந்த வருசத்துக் கணக்குதானுங்க."

ஓடவிட்டோம். அவர் கண் எங்கள் முகத்தை விட்டு நகரவில்லை. குழல் தனியாக ஏறிய இடத்தில் எங்கள் மூச்சு நின்றதைப் பார்த்திருப்பார் போல, மெல்லத் தலையாட்டினார். முடிந்ததும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

"உங்க கேசட்டுக்கு நீங்களே போடக் கூடாதுங்கண்ணா" என்றான் ஆரோக்கியம்.

"இது எப்பிடீங்க என்னுதாகும்? எனக்குத்தான் கேக்கவே இல்லியே. கேக்கலீன்னா நல்லால்லீன்னு ஆயிருமுங்களா? கையத் தூக்குங்க ரெண்டு பேரும்."

தூக்கினோம்.

தறிகள் பிற்பாடு பழைய இரும்புக்குப் போயின. ஷெட் இப்போது ஒரு கோடவுன். ஆரோக்கியம் மகளோடு வெளியூரில் இருக்கிறான். அண்ணன் காதில் மெஷின். அதைப் போட்டால் மிக்சி நன்றாகக் கேட்கிறதாம், பாட்டு தகர டப்பாவாட்டம் இருக்கிறதாம். என் கைபேசியில் இந்த டிசம்பரிலும் பட்டியல் பட்டியலாக வந்து விழுகிறது. எல்லாம் அவரவர் கேட்டது, அவரவர் காதுக்கு இனித்தது. தன் காதுக்கு எட்டாத ஒன்றுக்காக அடம்பிடித்து, அதட்டி, அடுத்தவர் கையையும் தூக்க வைத்த ஓர் ஆள் எங்காவது தென்படுவாரா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அப்படி ஒருவரும் வரவில்லை.