உப்புக்குக் காவலிருந்த அத்தான்

என் அக்காவின் புருஷன் யாகப்பர், ஆயுசில் ஒருநாள்கூட லீவு எடுக்காமல் உழைத்த மனிதர் என்று மன்னார் உப்புக்குளத்தில் இன்றைக்கும் மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். மெச்சட்டும். அவர்கள் அவரோடு குடும்பம் நடத்தியவர்கள் இல்லையே. நான் அன்ரோனெற், அவருடைய மைத்துனி. அடுத்த வளவில் தையல் மெசினோடு இருந்து எல்லாவற்றையும் கண்ணால் கண்டவள். அத்தானைப் பற்றி மெச்சி எழுத எனக்கு வராது.

அமிர்தநாயகம் முதலாளியின் உப்பளத்தில் அத்தான் கங்காணியாக இருந்தார். அப்படி என்னதான் வேலை என்று பார்க்க ஒருநாள் நான் போனேன். கிடுகுக் கொட்டில் ஒன்றின் நிழலில் கதிரை போட்டு, கையில் குடையை ஊன்றிக்கொண்டு, பாத்திகளை முறைத்துப் பார்த்தபடி இருந்தார். கூலிக்காரர் அவரைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து, 'ஐயா' என்றார்கள். அந்த 'ஐயா'வைக் கேட்டு அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. பிள்ளை பிறந்தபோதுகூட இல்லை. கடல் தண்ணீரைப் பாத்திக்குள் விட்டால் உப்புத் தானாக விளையும். யாகப்பர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் விளைய வேண்டும் என்று வெயிலுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம் ஆகியிருக்கும். அப்போது அக்காவின் ஒரே மகன் வின்சன்ட் சின்னப் பையன். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவனை உப்பள வரம்பில் சுருட்டைப் பாம்பு கடித்துவிட்டது. பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தான். கடிவாயில் மடு மாதா கோயில் மண்ணைப் பூசிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அத்தான் ஆஸ்பத்திரி வாசலில் முழந்தாளில் விழுந்து நெஞ்சில் அறைந்தார்.

"மடு மாதாவே, என்ர பிள்ளையைத் தாரும். வாற ஆவணித் திருநாளுக்கு மனிசி பிள்ளையோட வந்து, கொட்டில் போட்டு, நவநாள் முழுக்க இருந்து, என்ர கையால கஞ்சி காய்ச்சி ஏழையளுக்குக் குடுப்பன்!"

மாதா பிள்ளையைத் தந்தாள். அந்த ஆவணியும் வந்தது. அத்தான் மட்டும் போகவில்லை.

எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ஓய்வு என்று ஒன்று உண்டென்றால் அது மடுதான். வருடம் முழுக்கக் கடலோடும் கருவாட்டோடும் கிடந்தவர்கள், ஆவணியில் வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குள் போய்க் கொட்டில் போட்டுக் குந்துவார்கள். செபமும் உண்டு, மரநிழலில் நல்ல நித்திரையும் உண்டு. கலியாணத்துக்கு முன் அக்கா அருளம்மா அங்கே போனால் திரும்பி வர மனமில்லாமல் அழுவாள். கலியாணம் முடித்தபின் அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. பிள்ளை தப்பியபின் அவளுக்கு மடு ஆசை மட்டுமில்லை, பயமும்கூட. முடிக்காத நேர்த்தி பிள்ளையின் தலையில் விடியும் என்று ஒவ்வொரு ஆவணியிலும் நடுங்குவாள்.

"இஞ்சாருங்கோ, இந்த முறையெண்டாலும் போவமே?"

"எப்பிடியடி போறது? உப்பு விளையிற நேரம்."

"அப்ப, மழை தொடங்கினாப் பிறகு சும்மாவெண்டாலும் ஒருக்காப் போய்க் கும்பிட்டிட்டு வருவம்."

"மழைக்க உப்புக் கரையாதோ? குவிச்ச உப்புக் கும்பியளை ஆர் பாக்கிறது?"

வெயில் அடித்தால் உப்பு விளைகிறது, மழை பெய்தால் உப்புக் கரைகிறது. வெயிலும் மழையும் இல்லாத காலம் ஒன்றை ஆண்டவன் படைத்திருந்தால் அத்தானுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். கூலிக்காரர் வேலைக்கு வந்தால், அவர்களை மேய்க்க அவர் நிற்க வேண்டும். திருநாளுக்கு அவர்கள் எல்லோரும் மடுவுக்குப் போய்விட்டால், ஆளில்லாத உப்பளத்துக்குக் காவல் நிற்க வேண்டும். காவலுக்குத் தாவூது இருக்கிறானே என்றால், அவனுக்கு என்ன தெரியும் என்பார். இதற்கெல்லாம் மசியாவிட்டால் முழங்கால் நோகும், லொறியில் தலை சுற்றும், திருவிழாத் தண்ணீரில் வயிற்றோட்டம் வரும். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாட்டு என்பார்கள். இந்தக் குதிரை லாயத்தை விட்டு வெளியே வந்தால்தானே சறுக்குவதற்கு!

வின்சன்டுக்கு மீசை அரும்பிய வருடம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, நீங்களும் பெடியனும் என்னோட வாங்கோ. அவர் உப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கட்டும்" என்று இழுத்துக்கொண்டு போனேன். அக்கா அங்கே இளம் பெட்டையாகிவிட்டாள். விடிய எழும்பிக் குளத்தில் குளிப்பாள், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவாள்.

அப்படி வரும்போதுதான் அமிர்தநாயகம் முதலாளி எதிர்ப்பட்டார். அவரும் குடும்பத்தோடு கொட்டில் போட்டிருந்தார்.

"பிள்ளை, இழுப்பு எப்பிடி? குடமெல்லாம் தூக்கலாமே?"

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடத்தை இறக்கி வைத்தாள்.

"நான் வருசா வருசம் யாகப்பரிட்டச் சொல்லுறனான், தாவூது நிக்கிறான், உப்பளத்தைப் பூட்டிப்போட்டுப் போய் நேர்த்தியை முடி எண்டு. மனிசிக்கு இழுப்பு, காட்டுப்பனி ஒத்துக்கொள்ளாது, விட்டுட்டு வரேலாது எண்டு நிண்டிடுவார். பாவம், நல்ல மனிசன்."

அக்காவுக்கு மூச்சிழுப்பும் இல்லை, இருமலும் இல்லை. வீட்டில் உப்பளத்தைச் சாட்டியவர், உப்பளத்தில் அவளைச் சாட்டியிருக்கிறார். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையை நசுக்கினாள்.

"இப்ப பறவாயில்லை ஐயா" என்றாள்.

அந்த மனிதரின் மானத்தைக் காப்பாற்ற அவள் நோயாளியானாள். அதற்காக அவளோடு ஒருநாள் முழுக்க நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அவள் கேட்டபோது அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? "தூசிக்க போனா இழுப்பு வந்தாலும் வரும். உன்ர நன்மைக்குத்தான் சொன்னனான்." சொல்லிவிட்டு, சோற்றில் உப்புக் குறைவு என்றார்.

மடுவில் 'ஐயா' என்று அழைக்க ஆளில்லை. அங்கே அவரும் வாளி தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற ஒருவர்தான். அவருடைய நோய் இதுதான், வேறொன்றுமில்லை.

அதன்பிறகு அக்கா வருடா வருடம் என்னோடு வந்தாள். நேர்த்திக் கஞ்சியை மட்டும் அவள் காய்ச்சவில்லை. "அவர் தன்ர கையால எண்டு சொல்லி வைச்சது. அவர்தான் வந்து முடிக்க வேணும்" என்பாள். அதற்கென்று வாங்கிய பெரிய செப்புக் கிடாரம் குசினி மூலையில் கவிழ்ந்தே கிடந்தது.

பிறகு முதலாளி கண்ணை மூடினார். மகன்காரன் அத்தானுக்குப் பூமாலை போட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்தான். அந்தக் கோடையிலும் உப்பு விளைந்தது, வழக்கத்தைவிட நன்றாகவே விளைந்தது. அத்தான் முற்றத்தில் கதிரை போட்டுக் கோழிகளை முறைத்துக்கொண்டிருந்தார். கோழிகள் அவரை மதிக்கவில்லை.

ஆடி முடியும்போது ஒருநாள், அவராகவே சொன்னார். "இந்த முறை நானும் வாறன். கஞ்சியைக் காய்ச்சி முடிப்பம்."

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிடாரத்தைப் புளி போட்டு மினுக்கினாள். அவருடைய வேட்டியைத் தோய்த்து நீலம் போட்டாள். கொழும்பில் வேலைக்கிருந்த வின்சன்டுக்கு, அப்பா வாறார், நீயும் வா என்று தந்தி அடிப்பித்தாள். எனக்கு அழுகை வந்தது. இந்த மனிதருக்காகப் போய் இப்படிச் சந்தோஷப்படுகிறாளே என்ற ஆத்திரத்தில் வந்த அழுகை.

எங்கள் வழக்கப்படி ஆம்பிளைகள் லொறியில் முன்னே போய்க் கொட்டிலைப் போடுவார்கள், பெண்கள் பின்னால் ரயிலில் போவோம். கொட்டிலுக்கான கப்புத்தடி, கிடுகு, கிடாரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஜவாஹிரின் லொறி காலையில் புறப்பட்டது. வருடா வருடம் மடுவுக்குச் சாமான் ஏற்றுகிற நல்ல பிள்ளை அவன். அத்தான் முன் சீற்றில் குடையோடு ஏறினார். அக்கா வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டாள். அடுத்த ரயிலைப் பிடித்தோம். வழி முழுக்க அவள், அவர் பசி தாங்க மாட்டார், அவருக்குப் பாயில் படுத்தால் இடுப்பு நாரி பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாலை மரத்தடியில் கிடுகுக் கட்டுகள் போட்டபடி கிடந்தன. பக்கத்தில் கிடாரம். ஜவாஹிர் சாமானுக்குக் காவலாக அதில் சாய்ந்துகொண்டிருந்தான். வின்சன்ட் எங்களுக்கு முன்பே வந்து, சேட்டைக் கழற்றிவிட்டுக் கப்புத்தடி நடக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

"லீவு தந்தவங்களோ தம்பி?" என்றேன்.

"கேட்டன், தந்தாங்கள்" என்றான். அவ்வளவுதான். தகப்பன் ஆயுசுக்கும் சொல்லாத வார்த்தை.

அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஐயா எங்க ஜவாஹிர்? குளிக்கப் போட்டாரோ?"

ஜவாஹிர் எழுந்து நின்றான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கிடுகைப் பார்த்துச் சொன்னான். "ஐயா பாலத்தடியில இறங்கிட்டார் அக்கா. உங்களுக்கு இழுப்பு, தனிய விட்டுட்டு வரேலாது எண்டு சொன்னவர். வீட்டைத்தான் போறாரெண்டு நினைச்சன். உப்பளப் பக்கமாத்தான் நடந்து போனவர்."

மன்னாரைத் தாண்டக்கூட இல்லை, பாலத்தடியிலேயே இறங்கிவிட்டார். எனக்கு வந்த வார்த்தைகளை மாதா கோயிலடியில் நின்று சொல்லக்கூடாது என்று விழுங்கிக்கொண்டேன். அக்கா மடியைத் தடவினாள்.

"திறப்பு என்னட்டயெல்லோ கிடக்கு" என்றாள்.

"கிடக்கட்டும்" என்றான் வின்சன்ட், கிடங்கிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவள் மடியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். மூன்று கல்லைப் புரட்டி அடுப்பாக்கினாள். கிடாரத்தைத் தானே தூக்கி வைத்தாள்.

"அக்கா, அவர் தன்ர கையால எண்டெல்லோ..." என்று தொடங்கினேன்.

"மாதா இவ்வளவு காலமும் பாத்துக்கொண்டுதானே இருந்தவ. ஆற்ற கை எண்டு அவவுக்குத் தெரியும். தண்ணி கொண்டு வா."

விறகு ஈரம். புகைந்ததே தவிரப் பற்றவில்லை. அக்கா குனிந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினாள். மறுபடியும் ஊதினாள். சாம்பல் பறந்து, நெருப்புக் 'குப்'பென்று பிடித்தது. ஜவாஹிர் பயந்துபோனான்.

"அக்கா, இழுப்போட இப்பிடி ஊதலாமே?"

"ஓம் தம்பி, இவ்வளவு காலமும் இருந்ததுதான்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப சுகமாயிட்டுது."