கறுத்துக் கிடந்த வெள்ளிச் சிலுவை

கோபக்காரி என்ற பெயர் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அதனால் அந்தப் பெரியவருடைய பிஸ்கட் பெட்டியைத் திறந்த கையோடு மூடியதில் புதினம் ஒன்றுமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள். கனடாவில், கர்க்லாண்டில் ஒரு சலவைக் கடையில் உடுப்புத் திருத்தும் வேலை எனக்கு. செயின்ட்-மிஷேலில் இருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி மாறிப் பிடித்துப் போய்வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். எல்லாரும் கோட்டில் சிவப்புப் பூக் குத்தத் தொடங்கிய ஒரு கிழமையில், எண்பது தாண்டிய ஒருவர் நீலக் கோட்டு ஒன்றையும் அந்தத் தகரப் பெட்டியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே ஆறு பதக்கங்கள். ரிப்பன்கள் நைந்துபோயிருந்தன. புது ரிப்பனும் வாங்கி வந்திருந்தார். போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள் வருகிறது, அதற்குள் ஆறையும் பழைய வரிசையில் ஒரு பட்டியில் தைத்துத் தரவேண்டும் என்றார்.

எதற்குக் கிடைத்தவை என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் நாலு எஞ்சின் குண்டு விமானம் ஓட்டியவராம். எவ்வளவு பெரியது என்று எனக்குக் காட்டுவதற்காகக் கடை வாசலுக்கே கூட்டிப்போனார். கார் நிறுத்துமிடத்தின் மறுகரையில், பாலும் பாணும் விற்கும் டெபனர் கடை ஒன்று இருந்தது. ஒரு செட்டையின் நுனி இங்கே என்றால் மற்ற நுனி அந்தக் கடைக்குக் கிட்ட நிற்கும் என்றார். உள்ளே ஏழு பேர். அவருக்கு வயது இருபத்திரண்டு. சுடுவார்கள் என்று தெரிந்துகொண்டே முப்பது தடவை போய், முப்பது தடவையும் ஆறு பேரைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இருபத்திரண்டு வயதில் நான் பஸ்ஸுக்குத் தனியாகப் போகவே பயந்தவள்.

பிறகுதான் மண்டையில் ஏறியது. இந்த மனிதர் குண்டு போட்டவர். பெட்டியை மூடினேன்.

யாழ்ப்பாணத்தில் என் தம்பி விமானக் குண்டில்தான் போனான். பத்தொன்பது வயது. நாங்கள் எல்லோரும் பங்கர்க் குழிக்குள் இறங்கிவிட்டோம். அவன் ஆட்டை அவிழ்த்துவிட ஓடினான். அன்றிலிருந்து ஒரே கேள்வி என்னை அரித்தது: மேலே இருந்தவன் தம்பியைக் கண்டானா? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அவ்வளவு மேலே இருந்து என்ன தெரியும், எறும்பு மாதிரித்தான் தெரியும், தெரிந்து போட்டிருக்கமாட்டான். அந்தப் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் கனடாவரை வந்தேன். ஆனால் சொன்னவர்கள் ஒருவரும் மேலே பறந்தவர்கள் இல்லை. இவர் பறந்தவர். திருப்பிக் கொடுக்க நினைத்த பெட்டியை, அவரைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் வேலை முடித்து வந்த என் மனிசன் பெட்டியைக் கண்டு முகத்தைச் சுளித்தார்.

"குண்டு போட்டவன்ர சாமானை ஏன் வீட்டை கொண்டந்தனீர்?"

"தைக்கத்தான் கொண்டந்தனான். கும்பிடவே?"

"தைச்சுப்போட்டுக் கெதியாக் குடுத்துவிடும்."

அன்று சாமி விளக்கு மினுக்கும் நாள். பித்தளைக்குப் பழப்புளி, வெள்ளிக்குத் திருநீறு. அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பதக்கங்களைப் பக்கத்தில் பரப்பியபோது ஒன்றைக் கவனித்தேன். நட்சத்திரங்களையும் வட்டங்களையும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். முதலாவதாக வரவேண்டிய வெள்ளிச் சிலுவை மட்டும் அடுப்புக் கரி போலக் கறுத்துக் கிடந்தது. பறப்பில் காட்டிய வீரத்துக்குக் கொடுத்தது அது ஒன்றுதான் என்று அவர் சொல்லியிருந்தார். கிழவருக்கு மறந்துபோயிற்று என்று நினைத்தேன். கோபம் ஒரு பக்கம் இருக்க, கறுத்த வெள்ளியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. திருநீற்றைத் தொட்டுத் தேய்த்தேன். கறுப்பு விட விட, உள்ளே இருந்து சின்னச் சின்னச் செட்டைகள் எழுந்து வந்தன. பின்பக்கத்தில் ஒரு வருஷம் மட்டும் வெட்டியிருந்தது. பெயர் இல்லை. எவ்வளவு அழகு. எவ்வளவு சின்னது. இதற்குப் பின்னாலா முப்பது தடவை சாவுக்குள் போய் வந்தது என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனிசனும் எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை அவர் வந்தார். பட்டியைக் கையில் கொடுத்தேன். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

இதைத் துடைத்தீர்களா என்று கேட்டார். தலையாட்டினேன்.

"இதை மட்டும் நான் ஒருநாளும் துடைத்ததில்லை. கீழே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இதை மினுக்க மனம் வரவில்லை."

எதனால் துடைத்தீர்கள் என்று கேட்டார். சாம்பல் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொல்லி, நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். "சாம்பல்" என்று அவரும் ஒருமுறை சொல்லிக்கொண்டு அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தார்.

அப்போது கேட்காவிட்டால் பிறகு எப்போது? நான் கீழே இருந்தவள் என்றேன். தம்பியையும் ஆட்டையும் சொன்னேன். மேலே இருந்தவன் அவனைக் கண்டிருப்பானா என்று கேட்டேன்.

"எவ்வளவு உயரம்?"

"டவுன்டவுனில் இருக்கிற உயர்ந்த கட்டடம் அளவு."

"பகலா?"

"பகல். நல்ல வெயில்."

பட்டி அவர் மடியில் கிடந்தது. இல்லை என்று சொல்லப்போகிறார், எல்லோரையும் போல என்று நினைத்தேன். சொல்லவேண்டும் என்றுதான் மனம் கெஞ்சியது.

"நான் பறந்தது இரவில், மிக உயரத்தில். எனக்குத் தெரிந்தது நெருப்பு மட்டும்தான். அதைச் சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் அந்த உயரத்தில், பகலில், கண்டிருப்பான். உங்கள் தம்பியைக் கண்டிருப்பான். ஆட்டையும் கண்டிருப்பான்."

பழைய கோபமெல்லாம் திரண்டு வரும் என்று நின்றேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. என்மேல் இரக்கப்பட்ட அத்தனை பேரும் இத்தனை வருஷமாய் மறைத்ததை, என்னை முன்பின் தெரியாத ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். முப்பது தடவை போனவர் என்று கேட்டபோதுகூட அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரமிப்பு வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலக் கோட்டை அவருக்குப் போட்டுவிட்டேன். இடது பக்கத்தில் பட்டியைக் குத்தினேன். சிலுவை பளிச்சென்று இருந்தது. கறுப்பாக்க முடியாதே என்று மன்னிப்புக் கேட்டேன். இப்படியே இருக்கட்டும் என்றார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் வாயில் அது உடைந்து உடைந்து வந்தது. நான் திருத்தினேன். திரும்பச் சொன்னார். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் பின்னால் காத்து நின்றார்கள். அவர் அசையவில்லை. நாலாவது தடவை சரியாகச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்தபிறகு, எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவர் என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.