மறுதரப்பைக் கேட்கப் போனவர்

பிப்ரவரி ஏழாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று இருபத்திரண்டு. பனி விலகி வெயில் ஏறிவிட்டது, காற்று இல்லை. காட்டூரில், தஞ்சாவூர் சாலையோரம், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, கழிவுத் தொட்டிகளை உறிஞ்சும் லாரிகள் இரண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் அவற்றின் சொந்தக்காரர். அவர் முன்னால் நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் கையில் நீள நோட்டுடன் நின்றிருந்தார். நேரத்தை நான் இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவரை அங்கே அனுப்பியவன் நான். அவர் நிஜமாகவே போகிறாரா என்று மறைந்திருந்து பார்க்க வந்தவனும், வந்தவுடன் கடிகாரத்தைப் பார்த்தவனும் நான்தான்.

முப்பத்தொரு வருஷம் ஒரு நாளிதழின் திருச்சி அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் செய்தி எழுதும் வகுப்பு நடத்தினேன். பதினாறு படி ஏறினால் அறை. வருகிறவர்கள் பதினொரு பேர்: தெரு கூட்டுகிறவர்கள், தையல் வேலை செய்கிற பெரிய கடைவீதிப் பெண் ஒருவர், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். இவர்கள் தெருவைப் பற்றிப் பத்திரிகையில் வருவதென்றால் யாராவது செத்திருக்க வேண்டும். அந்த நிலை மாற, இவர்களே எழுத வேண்டும் என்பது எங்கள் எண்ணம். மாதம் ஒரு நான்கு பக்க இதழ், ஐந்நூறு பிரதி. நல்ல எண்ணம்தான். ஆனால் நான் அறையில் கற்றுக்கொடுத்தது எல்லாம் என் பழைய அலுவலகத்தின் சட்டங்கள். செய்திக்குப் பத்து மார்க். பெயரில் பிழை என்றால் இரண்டு குறையும், எண்ணில் பிழை என்றால் மூன்று. குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் இல்லாவிட்டால் மொத்தமும் போகும்.

நோட்டுடன் நின்ற பெண்மணியை நாங்கள் மேஸ்திரியம்மா என்போம். ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் இலை எடுத்துக் கழுவிவிடும் ஆறு பெண்களுக்கு அவர்தான் தலைவி. அவருடைய தம்பி அந்த லாரிக்காரரிடம் வேலை பார்த்தான். மண்டபத்தின் கழிவுத் தொட்டி பழைய காலத்து அமைப்பு. லாரிக் குழாய் உள் அறைக்கு எட்டாது. முகூர்த்தம் முடிந்த மறுநாள் தம்பியின் அக்குளில் கயிறு கட்டி, வாளியோடு உள்ளே இறக்குவார்கள். அந்த வருஷம் தை மாதத்துக்குள் ஆறு முறை இறக்கியாயிற்று. ஆறாவது முறை மயங்கி, வாயில் நுரையோடு மேலே வந்தான். மேஸ்திரியம்மா அதைத்தான் செய்தியாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். தேதி, நேரம், தொட்டியின் ஆழம், கயிற்றைப் பிடித்தவர்கள் எத்தனை பேர், எல்லாம் இருந்தன. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. நான் பத்துக்குப் பூஜ்யம் போட்டேன்.

"மறுதரப்பு எங்கம்மா?"

"அவரு என்ன சார் சொல்லப்போறாரு? இறக்கினது நெசம்."

"அதை அவர் வாயால சொல்லட்டும்."

"போன்ல கேக்கலாங்களா?"

"போன்ல கேட்டா பாதி மார்க்குதான். நேர்ல போகணும். கேள்வியைப் படிச்சுக் காட்டணும். பதில் வர்ற வரைக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது."

"அடுத்த தடவ கயித்துல பொணந்தான் சார் வரும். அதுக்குள்ள பேப்பர்ல வந்துருமா?"

"நீங்க போயிட்டு வந்தா வரும்."

மறுதரப்பைக் கேட்பது நேர்மையான சட்டம். இன்றும் அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் என் அலுவலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கப் போன நிருபருக்குச் சட்டைப்பையில் அட்டை இருந்தது, வாசலில் வண்டி இருந்தது, ஆசிரியர் கூப்பிட்டால் எடுக்கும் போலீஸ் அதிகாரி இருந்தார். இவருக்கு இருந்தது ஒரு நோட்டும் ஐந்து கேள்விகளும். கேள்விகளை எண்ணிப் பார்த்துச் சரி சொன்ன நான், அவர் பின்னால் யார் நிற்பார்கள் என்று எண்ணவில்லை. அதற்கு முந்தின மாதம் வகுப்பில் ஒருவர் போகாமலே பதிலைக் கற்பனையாக எழுதிவிட்டார் என்பதால், இவரும் அப்படிச் செய்துவிடுவாரோ என்ற கவலை மட்டும் எனக்கு இருந்தது. அதனால்தான் அந்த பெஞ்ச்.

மேஸ்திரியம்மா முதல் கேள்வியைப் படித்தார். லாரிக்காரர் சிரித்தார். இரண்டாவதைப் படித்தார். லாரிக்காரர் எழுந்து அவர் கன்னத்தில் அறைந்தார். நோட்டு கீழே விழுந்தது. மேஸ்திரியம்மா குனிந்து அதை எடுத்து, பக்கத்தைத் தேடி, அதே கேள்வியை மறுபடி படித்தார். இரண்டாவது அறை. மறுபடி அதே கேள்வி. மேஸ்திரியம்மா ஓடியிருக்கலாம், சாலை மூன்றே அடி தூரத்தில் இருந்தது. பதில் வரும்வரை நகரக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். மூன்று. நான்கு. நான்காவது அறையில் மூக்கிலிருந்து ரத்தம் வந்து தாளில் சொட்டியது. அதைப் புடவைத் தலைப்பால் ஒற்றிவிட்டுப் படித்தார்.

அப்போது லாரிக்காரர், பின்னால் லாரி கழுவிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டார். அவர் கத்திய சொற்கள் சாலையைத் தாண்டி எனக்கே கேட்டன.

"ஒங்கக்காதானடா இவ? கேள்வி கேக்கறா. நீயே பதில் சொல்லு, வா."

தம்பி ஈரக் கையோடு வந்து நின்றான். அக்காவின் தோளில் உள்ளங்கையால் மூன்று முறை அடித்தான். ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு அடிக்கும் அவன் கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது.

"அடிக்கிறியா, தடவிக் குடுக்கிறியா? தள்ளு."

தொட்டி மூடியைத் தூக்குகிற கொக்கிக் கம்பி ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. லாரிக்காரர் அதை எடுத்தார். எட்டாவது அடி நோட்டைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பச்சை முருங்கைக் கிளையை ஒடிப்பது போன்ற சத்தம். மேஸ்திரியம்மா நோட்டை இடது கைக்கு மாற்றினார். ஒன்பது, மறுபடி அதே மணிக்கட்டு. பத்து, முழங்காலில். லாரி கழுவிய தண்ணீரில் விழுந்தார். பதினொன்றும் பன்னிரண்டும் முதுகில். பதின்மூன்று தலையில், தண்ணீரில் சிவப்பு பரவியது. பதினான்காவதில் கொக்கி காதுத் தோட்டில் மாட்டி, காது மடலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

நடுவில் இரண்டு பஸ் கடந்து மறைத்தன. அந்த நேரத்தில் விழுந்தவை என் கணக்கில் இல்லை.

நான் ஏன் எழுந்து போகவில்லை? பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணும்போது நாமும் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. டீக்கடை பாய்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்ன சார் வாய்க்குள்ள முணுமுணுக்கிறீங்க? அந்தம்மா செத்துரும் போலருக்கே."

பிறகுதான் ஓடினேன். பதினைந்தாவது அடி என் வாயில் விழுந்தது. என்னைக் குறி வைத்து ஓங்கினாரா, நடுவில் நான் போய் விழுந்தேனா, தெரியாது. மூன்று பல். வாயெல்லாம் உப்பும் இரும்பும். பாய் கொதிக்கிற பால் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தார்.

"இன்னொண்ணு வுழுந்துச்சு, அப்படியே மூஞ்சில ஊத்திருவேன். கம்பியக் கீழ போடு."

லாரிக்காரர் கம்பியைக் கீழே போட்டது அந்தப் பாலுக்குப் பயந்துதான்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குள் தகடு வைத்தார்கள். தலையில் ஒன்பது தையல், காதில் நான்கு. மயக்கம் தெளிந்ததும் மேஸ்திரியம்மா என் வீங்கிய வாயைப் பார்த்தார்.

"போன்லயே கேட்டுருந்தா பாதி மார்க்காச்சும் வந்துருக்கும். இல்ல சார்?"

சிரித்தார். சிரித்தபோது தையல் இழுத்து முகம் கோணியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போலீஸ்ல தம்பி அடிச்சதச் சொல்லாதீங்க சார். அவனுக்கு வேற வழியில்ல."

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் தெரிந்து மாற்றியதில்லை. அன்று மாலை போலீஸ் ஸ்டேஷனில், ரத்தம் ஊறிய பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு, பதினொரு அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினொன்றும் லாரிக்காரர் அடித்தது.

லாரிக்காரர் நான்காவது நாள் ஜாமீனில் வந்துவிட்டார். வந்த மறுவாரம் ஆட்களை அனுப்பி எங்கள் மாடி அறையில் இருந்த பதினொரு நாற்காலிகளையும் உடைத்தார். தடுக்கப் போன கட்டடத் தொழிலாளி ஒருவரைப் படியில் உருட்டிவிட்டார்கள், தோள்பட்டை நழுவியது. ஐந்து பேர் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மாசி முகூர்த்தத்துக்கு மறுநாள் தம்பியை ஏழாவது முறையாகத் தொட்டிக்குள் இறக்கினார்கள். அக்கா செய்ததற்குத் தண்டனையாக, இந்த முறை வாளி நிறைந்த பிறகும் கால் மணி நேரம் மேலே தூக்காமல் நின்றார்களாம்.

அந்த வாரம் மேஸ்திரியம்மா செய்தியை முழுதாக எழுதிக்கொண்டு வந்தார். வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் எழுதியிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் கோலிக்குண்டு அளவு. கடைசியில் மறுதரப்பு இருந்தது. "இது பற்றி லாரி உரிமையாளரிடம் நேரில் கேட்டோம். பதில் சொல்லவில்லை. பதினான்கு முறை அடித்தார்கள். அதில் மூன்று, அவர் சொல்லி என் தம்பி அடித்தது." அந்த எண்ணிக்கை நான் ஆஸ்பத்திரியில் சொன்னது. கீழே அவருடைய பெயர்.

"இதைப் போட்டா தம்பியை உள்ள வெச்சுடுவாங்கம்மா. நீங்கதானே சொல்ல வேண்டாம்னீங்க?"

"போலீசுக்கு வேண்டாம்னேன். இது பேப்பரு. பேப்பர்ல நம்பரைக் கொறைக்கக் கூடாதுன்னு மூணு மார்க் வெட்டுவீங்களே சார்."

"எனக்கும் சிக்கல். நான் பதினொண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"தெரியும் சார். அதான் ஒங்க கிட்ட கேக்கறேன். போடறீங்களா, மாட்டீங்களா?"

இரண்டு நாள் நான் தூங்கவில்லை. அதைப் போட்டால், முக்கியச் சாட்சியான என் வாக்குமூலம் பொய் என்று ஆகும், வழக்கு வலுவிழக்கும். போடாவிட்டால் தம்பியை எட்டாவது முறையும் இறக்குவார்கள். மூன்றாம் நாள் காலை அச்சகத்துக்குப் போனேன். ஐந்நூறு பிரதி போதாது என்று ஆயிரம் போடச் சொன்னேன். மிச்சமிருந்த ஆறு பேரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வந்த கூட்டத்தில் அதை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். மண்டபத்து வாசலிலும் ஒட்டினார்கள். ஒட்டிய ஒருவரின் முகத்தில் மண்டபத்து ஆட்கள் பசை வாளியைக் கவிழ்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொன்று ஒட்டினார்.

இரண்டு நாளில் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இதழும் என் வாக்குமூலமும் அருகருகே இருந்தன.

"பெரியவரே, படிச்சவருதானே நீங்க? எண்ணத் தெரியாதா ஒங்களுக்கு?"

"தெரியும். பதினொண்ணு பொய். பதினாலுதான்."

"கோர்ட்டுல ஒங்கள நாறடிச்சிருவாங்க, தெரியுமா?"

தம்பியைக் கைது செய்தார்கள். கம்பியைத் தூக்கியவர் நான்கு நாளில் வெளியே வந்தார். உள்ளங்கையால் அடித்தவனுக்கு ஜாமீன் கொடுக்கச் சொத்துள்ளவர் யாரும் இல்லை. ஐந்தாம் நாள் நான் ஒரு வக்கீலைப் பேசி முடித்துவிட்டு, குற்றவுணர்வோடு மேஸ்திரியம்மா வீட்டுக்குப் போனேன். கொள்ளிடக் கரையோரம் அவர் வீடு. இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"என் வீட்டுப் பத்திரத்தை வெச்சு தம்பியை நாளைக்கே ஜாமீன்ல எடுத்துடலாம்மா."

"அவசரப்படாதீங்க சார். பங்குனியில இன்னும் முகூர்த்தம் இருக்கு."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவர் அரிசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ளதான சார் இருக்கான். தொட்டிக்குள்ள இல்லையே."

இதழைப் பார்த்த அதிகாரிகள் மண்டபத்துக்கு வந்து தொட்டியை அளந்தார்கள். உள் அறைச் சுவரை இடித்து, குழாய் எட்டும்படி புதிதாகக் கட்டும்வரை மண்டபத்தைத் திறக்கக் கூடாது என்றார்கள். இடித்து முடித்ததை மேஸ்திரியம்மா தாமே போய்ப் பார்த்தார். இருபத்திரண்டாம் நாள் எனக்குப் போன் செய்தார். "இப்ப எடுங்க சார்."

வழக்கு இன்னும் நடக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி, அவர் அடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். லாரிகள் இப்போதும் ஓடுகின்றன. தம்பி வேறிடத்தில் பெயிண்ட் வேலைக்குப் போகிறான். வழியில் பார்த்தால் என்னிடம் பேசுவதில்லை. மேஸ்திரியம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. இதழுக்கு இடது கையால் எழுதுகிறார். வகுப்பில் மறுதரப்பைக் கேட்கப் போகிறவர்கள் இப்போது மூன்று பேராகப் போகிறார்கள். அவர்களில் ஒருவன் நான். கேள்வியை நான் படிக்கிறேன். இன்னும் இரண்டு முறை அடி வாங்கினேன், இரண்டும் லேசானவை.

மணிக்கட்டுத் தகடு, மூன்று பல், பதினொரு நாற்காலி, ஆயிரம் பிரதி, தம்பியை வெளியே எடுத்த செலவு எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.